நாற்சந்திக்கு மேலே பறந்தவர்

மலைக்கோட்டை, மணிக்கூண்டு, பெரிய கண்மாய் என்று காலண்டரில் போடும்படியாக மூன்றே மூன்று இடங்கள் இருந்த வெள்ளிப்பாறை நகரத்துக்கு நான்காவதாக ஒரு விமானமும் வந்து சேர்ந்தது. எங்கோ ஒரு விமானத்தளத்துக் கொட்டகையில் தூசி மூடிக் கிடந்த பழைய போர் விமானம் அது. நகராட்சியார் கேட்டு வாங்கி, இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றி வந்து, பேருந்து நிலையத்துக்கு எதிரே நாற்சந்தியில் கான்கிரீட் தூண் எழுப்பி, இறக்கைகளை மறுபடி பூட்டி, வெள்ளிச் சாயம் அடித்து, மூக்கு வானத்தைப் பார்க்க உச்சியில் நிறுத்தினார்கள். ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய, இரட்டை வால் வைத்த அந்த விமானத்துக்கு வாம்பயர் என்று பெயர். ஊரார் அதை வவ்வால் என்றார்கள். வந்த மறுவாரமே டவுன் பஸ் கண்டக்டர்கள் "வவ்வால் எறங்கு" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

அதற்காக அந்த ஊரில் மனதாரச் சந்தோஷப்பட்டவள் அமலோற்பவம் ஒருத்திதான். பேருந்து நிலைய வளாகத்தில் அவளுக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. பாஸ்போர்ட் படமும் கல்யாண ஆல்பமும் சோறு போட்டன. ஆனால் வருடா வருடம் சிவகாசி அச்சகத்துக்காரர்களுக்குக் கோட்டையையும் கண்மாயையும் மழை கழுவிய மலையையும் எடுத்துக் கொடுப்பதில்தான் அவள் மனசு இருந்தது. அதையும்விட ஆழத்தில் ஒரு கிறுக்கு இருந்தது. தாம்பரம், சூலூர், பெங்களூர் என்று எங்கே பழைய போர் விமானத்தை நிறுத்திவைத்திருந்தாலும் ரயிலேறிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவாள். "கல்யாணம் பண்ண வேண்டிய வயசையெல்லாம் ஓட்டை விமானத்துக்குக் கொடுத்துட்டியேடி" என்று அவள் அக்கா புலம்பினால், "அது கண்ணச் சிமிட்டாது, முடியச் சரி பண்ணாது, நான் ஏன் இவ்வளவு கறுப்பா விழுந்திருக்கேன்னு சண்டைக்கும் வராது" என்பாள்.

தை மாதத்து வெயில் சாய்வாக விழுந்த ஒரு காலையில், அடுத்த வருடக் காலண்டருக்காக அவள் முதல்முறையாக வவ்வாலைப் படம் எடுத்தாள். கடைக்குத் திரும்பிக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தபோது, விமானியின் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். துணித் தொப்பி, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கும் மூச்சுக்கவசம், இருபத்தைந்து வயது சொல்லக்கூடிய முகம். இடது பக்கம் தலையைச் சாய்த்துக் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அமலோற்பவம் அந்தப் படத்தை அச்சிட்டு, எதிரே டீக்கடை வைத்திருந்த சிக்கந்தர் பாயிடம் கொண்டுபோய்க் காட்டினாள். பாய் படத்தையும் வெளியே விமானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே இருந்ததில் யாருமில்லை.

"யாரும்மா இது? நம்ம ஊர்ப் பையனாத் தெரியலையே."

"எனக்கும் தெரியல பாய்."

"மேல ஏறி உக்காந்திருக்கான், டீ குடிச்சானா என்னன்னு யாராவது கேட்டீங்களா?" என்று சொல்லிவிட்டு, படத்தைக் கல்லாவுக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். அன்று டீ குடிக்க வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்தார்கள். ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிக்கொண்டு போய் விமானத்தைப் படம் எடுத்தார்கள். அவற்றில் தூசி படிந்த கண்ணாடி மூடியும் வெறும் இருக்கையும்தான் விழுந்தன. அமலோற்பவத்தின் கேமராவில் மட்டும் அவர் இருந்தார். சிலர் கையால் வைத்தால்தான் செடி பிழைக்கும் என்பதை ஒத்துக்கொள்வதுபோல ஊர் இதையும் ஒத்துக்கொண்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டதெல்லாம் வேறு. அவர் என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். ஏனென்றால் ஒரு படத்தில் இருந்தது போல அவர் அடுத்த படத்தில் இல்லை. ஒன்றில் இடப்பக்கம் பார்த்தார், ஒன்றில் நேராகப் பார்த்தார், ஒன்றில் முன்னாலிருக்கும் கடிகாரம் போன்ற ஒன்றை விரலால் தட்டினார், ஒன்றில் புறங்கையால் முகத்து வியர்வையை வழித்தார். நாற்சந்தியில் மொட்டை வெயில் அடிக்கும்போது எடுத்த படத்திலும் அவர் முகத்தில் மேக நிழல் கிடந்தது. நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை அமலோற்பவம் ஒருநாள் பெரிதாக்கிப் பார்த்தாள். அதில் பேருந்து நிலையம் தெரியவில்லை, மணிக்கூண்டு தெரியவில்லை. கடல் தெரிந்தது. கடலைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது: தூணின் உச்சியில் அசையாமல் நிற்கும் விமானத்துக்குள் அந்த மனிதர் இன்னும் பறந்துகொண்டிருக்கிறார், இறங்குவதற்குத் தரை தேடிக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு வெள்ளிப்பாறை அவருக்காகத் தன் நடமாட்டத்தையே மாற்றிக்கொண்டது. பஸ் டிரைவர்கள் நாற்சந்தியில் ஹாரன் அடிப்பதை நிறுத்தினார்கள். பூக்காரம்மா முதல் முழத்தைத் தூணில் சுற்றிவிட்டுத்தான் வியாபாரம் தொடங்கினாள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் மேலே பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தூணில் கொடி கட்ட வந்த கட்சிக்காரர்களை மீன் வாங்க வந்த பெண்களே விரட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாதிரியார் 'வானத்தில் இருப்பவர்' என்று சொன்னபோது யாரைச் சொல்கிறார் என்பதில் பாதிப்பேருக்குக் குழப்பம் வந்தது. போக்குவரத்துத் தலைமைக் காவலர் பேச்சியம்மாள், காலையில் டூட்டிக்கு வந்ததும் மைக்கை எடுத்து, "தம்பி, கீழ பாருங்க. தரை இங்கதான் இருக்கு. பயப்படாம எறங்குங்க" என்று தினமும் சொன்னார். சொல்லிவிட்டுத்தான் வண்டிகளுக்குக் கைகாட்டினார். அமலோற்பவம் தினம் ஒரு படமாவது எடுத்து டீக்கடையில் மாட்டினாள். வேலைக்குப் போகிறவர்கள் அதைப் பார்த்து, "இன்னைக்கு முகம் கொஞ்சம் வாடியிருக்கு" என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் தீயணைப்பு வண்டி வந்தது. இருளப்பன் என்கிற வீரர் ஏணியில் ஏறிக் கண்ணாடி மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தார். உள்ளே கிழிந்த தோல் இருக்கையும் ஒரு மைனாக்கூடும் இருந்தன. "இங்க யாருமில்ல" என்று அவர் மேலிருந்து கத்தியபோது கீழேயிருந்து அமலோற்பவம் படம் எடுத்தாள். படத்தில் விமானி இருந்தார். இருக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த இருளப்பனின் கை மணிக்கட்டு வரை அவர் நெஞ்சுக்குள் இருந்தது. அதைக் காட்டியபோது இருளப்பன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சூடோ குளிரோ ஒண்ணுமே தெரியலக்கா. தெரிஞ்சிருந்தா இழுத்திருக்க மாட்டேனா?" என்றார். மூடியைத் திறந்தே வைத்தால் குளிரடிக்குமே என்று யாரோ சொல்ல, மறுபடி ஏறிக் கவனமாக மூடிவிட்டு வந்தார்.

இன்னொரு நாள், கண்மாய் வற்றிக் கிடந்த கோடையில், ஊரே வீட்டிலிருந்த வெள்ளை வேட்டிகளையும் படுக்கை விரிப்புகளையும் எடுத்துப் போய், கண்மாய்த் தரையில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஓடுபாதைபோல விரித்துக் கல் வைத்தது. துணி மேல் ஆடு ஏறாமல் பிள்ளைகள் காவல் நின்றார்கள். அமலோற்பவம் நாற்சந்தியில் நின்று எடுத்துக்கொண்டே இருந்தாள். அவர் வலப்பக்கம் பார்த்தார். கண்மாய் இருந்தது இடப்பக்கம். பிறகு இடப்பக்கமும் பார்த்தார், சரியாகக் கண்மாய் இருக்கும் திசையில். ஆனால் அந்தக் கண்களில் வேட்டிகள் தெரியவில்லை. மாலையில் அவரவர் வேட்டியை அவரவர் அடையாளம் கண்டுபிடித்து உதறி மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

இந்த விஷயம் பத்திரிகையில் படத்தோடு வந்த பிறகுதான் கோவில்பட்டியிலிருந்து ஒரு வயதான தம்பதி ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். அந்த அம்மாள் பெயர் மனோரஞ்சிதம். பக்கத்தில் நின்றவர் அவள் புருஷன் சண்முகையா, பால் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"படத்துல இருக்கிறது எனக்கு மொதல்ல தாலி கட்டுனவுக. துரைசிங்கம்னு பேரு" என்றாள் மனோரஞ்சிதம். "மோவாயில ஒரு தழும்பு இருக்கும், சைக்கிள்ல விழுந்தது. பாரு தாயி, இருக்கா?"

அமலோற்பவம் பெரிதாக்கினாள். இருந்தது.

கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூட முழுசாகச் சேர்ந்து இருக்கவில்லை. பயிற்சிக்காகக் கடல் பக்கம் பறந்தவர் திரும்பவில்லை. தேடினார்கள், ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. வெகுகாலம் காத்திருந்துவிட்டு, பெற்றவர்கள் சொல்கேட்டுச் சண்முகையாவைக் கட்டிக்கொண்டாள். மூன்று பிள்ளைகள், பேரன் பேத்திகள்.

"அப்ப இந்த விமானம்?"

"இது அவுக ஓட்டுனது இல்ல. அது கடலோட போச்சே. இது அதே மாதிரி இன்னொண்ணு" என்ற மனோரஞ்சிதம், சற்று யோசித்துவிட்டு, "ஒக்கார ஒரு எடம் வேணும்ல அவுகளுக்கு" என்றாள்.

அமலோற்பவம் சண்முகையாவைத் தயக்கத்தோடு பார்த்தாள். அவர் சிரித்தார். "எனக்கென்னம்மா வருத்தம்? நான்தான் வா போவோம்னு கூட்டிட்டு வந்தேன். என் கடைசிப் பையனவிட அவருக்கு வயசு கம்மி. பாத்தா பாவமா இருக்கு."

மனோரஞ்சிதம் எல்லாப் படங்களையும் பார்க்க ஆசைப்பட்டாள். ஸ்டூடியோ தரையில் அமலோற்பவம் எடுத்த வரிசைப்படி பரப்பினாள். அந்த அம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய், பாதியில் நின்றாள். திரும்ப முதலிலிருந்து பார்த்தாள்.

"தாயி, இது என்னைக்கு எடுத்தது?"

"பொங்கல் கழிச்சு."

"அடுத்தது?"

"அது ஒரு வாரம் கழிச்சும்மா. எனக்குக் காய்ச்சல், கடை தொறக்கல."

"வேர்வையத் தொடைக்கக் கையத் தூக்குறாக. அடுத்த படத்துல கை நெத்தியில இருக்கு. ஒரு வாரமாவா கையத் தூக்குவாக?"

அமலோற்பவமும் குனிந்தாள். வேட்டி விரித்த அன்று வரிசையாக எடுத்த படங்களில் அவர் தலை வலமிருந்து இடமாக முழுசாகத் திரும்பியிருந்தது. அவள் படமே எடுக்காத நாட்களில் அவர் இமைகூட அசையவில்லை. முகத்தில் விழுந்த வெயில் படத்துக்குப் படம் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகிக்கொண்டு வந்திருந்தது. கேமராப் பொத்தானில் அவளுடைய ஒவ்வொரு அழுத்தலுக்கும் அவருக்கு ஒரு கணம் கழிந்திருக்கிறது. அவள் அழுத்தாதபோது அவருக்குக் காலமே ஓடவில்லை.

"ரெண்டு மணி நேரத்துக்குத்தான் எண்ணெய் இருந்துச்சாம்" என்றாள் மனோரஞ்சிதம் மெதுவாக. "பெறகு வந்த ஆபீசர் சொன்னாக."

அமலோற்பவம் தரையில் பரப்பிய படங்களை எண்ணத் தொடங்கினாள். காலண்டருக்காக அழுத்தியது, பத்திரிகைக்காரர் கேட்டதற்காக அழுத்தியது, அமைச்சர் வந்து மாலை போட்டபோது அழுத்தியது, ஊர் பார்க்கட்டுமென்று தினமும் அழுத்தியது, ஒன்றுமில்லாமல் அந்த முகத்தைப் பார்க்கவேண்டும் போலிருந்ததற்காக அழுத்தியது, எல்லாம் அவருடைய எண்ணெய். அவரைக் காப்பாற்ற வேண்டுமென்று ஊர் செய்த ஒவ்வொன்றும் அவரைக் கடலுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருக்கிறது.

"இனிமே எடுக்காத தாயி" என்றாள் மனோரஞ்சிதம். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது.

பேச்சியம்மாள் மைக்கில் ஊருக்கு விஷயத்தைச் சொன்னார். ஊருக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. எடுக்காதவரை அவர் விழமாட்டார், அவ்வளவுதானே? அமலோற்பவம் கோட்டையை எடுத்தாள், கண்மாய்க்கு வந்த நாரைகளை எடுத்தாள், மேகம் இறங்கிய மலையை எடுத்தாள். பேருந்து நிலையத்தை எடுக்க நேர்ந்தால், விமானத்தின் இறக்கை நுனிகூடச் சட்டத்துக்குள் விழாதபடி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று எடுத்தாள்.

ஆனால் கடைசியாக எடுத்த படம் டீக்கடையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் அவர் வாய் பாதி திறந்திருந்தது, ஒரு கை விரல்கள் மடங்கி அந்தரத்தில் நின்றன. அலறப்போகிறவர் போல இருந்தார். முன்பெல்லாம் நாளைக்கு வேறு முகம் வரும் என்று இருந்தது. இப்போது இந்த முகம்தான், இன்றும் இதுதான், நாளைக்கும் இதுதான். டீ குடிக்க வந்தவர்கள் பாதியில் டம்ளரை வைத்துவிட்டுப் போனார்கள். சிக்கந்தர் பாய் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார். திருப்பிய பிறகும் அந்த வாய் திறந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. நாற்சந்தியைத் தவிர்த்து மீன் மார்க்கெட் வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். பேச்சியம்மாள் காலையில் மைக்கை எடுத்து, "தம்பி" என்று சொல்லிவிட்டு, அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிடுவார்.

மார்கழியில் மனோரஞ்சிதம் போன் செய்தாள்.

"தாயி, என்னால தூங்க முடியல. கண்ண மூடுனா அந்த வாயி. என்ன சொல்ல வந்தாகன்னு தெரியல. நாம அவுகளக் காப்பாத்தல, கட்டிப் போட்டிருக்கோம்."

"என்னால முடியாதும்மா. விரல் வராது."

"நீ எடுக்கலைன்னா அவுக சாகமாட்டாக. ஆனா எறங்கவும் மாட்டாகளே."

"எப்பம்மா வர்றீங்க?" என்றாள் அமலோற்பவம்.

கோவில்பட்டித் தம்பதி வந்த காலையில் பேச்சியம்மாள் நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார். சிக்கந்தர் பாய் பெஞ்சைத் தூக்கிவந்து நாற்சந்தி நடுவில் போட்டார். மனோரஞ்சிதமும் சண்முகையாவும் உட்கார்ந்தார்கள். அமலோற்பவம் அவர்கள் பக்கத்தில் முக்காலியை நட்டுக் கேமராவைப் பொருத்தினாள். அவள் அழுத்துவாள், கேமராவின் முதுகுத்திரையில் விழுவதை மனோரஞ்சிதம் பார்த்துச் சொல்வாள், அருகில் நிற்பவர்கள் பின்னால் நிற்பவர்களுக்குச் சொல்வார்கள், அது தெருத்தெருவாகப் போய் மீன் மார்க்கெட் வரை சேரும் என்று ஏற்பாடு.

விரல் வரத்தான் இல்லை. மனோரஞ்சிதம் தன் கையை அவள் கைமேல் வைத்தாள். முதல் அழுத்தலை இருவரும் சேர்ந்தே அழுத்தினார்கள்.

"வாய மூடிட்டாக" என்றாள் மனோரஞ்சிதம். மூடிட்டாராம், மூடிட்டாராம் என்று சேதி கூட்டத்துக்குள் போயிற்று. அடுத்ததில் வாய் திறந்தது. அடுத்ததில் தலை ஒருபக்கம் சாய்ந்தது. அந்தரத்தில் நின்ற கை இறங்கித் தொடையில் விழுந்தது, மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. மனோரஞ்சிதம் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். திடீரென்று சிரித்துவிட்டாள்.

"பாடுறாக! ஐயோ, தாளம் போட்டுப் பாடுறாக. சுருதியே சேராது அவுகளுக்கு."

பாடுறாராம் என்ற சேதி தெருத்தெருவாகப் போனது. போன இடமெல்லாம் ஜனங்கள் வாய்விட்டு மூச்சு விட்டார்கள். "அப்ப பயமில்லாமத்தான் இருக்காரு" என்று யாரோ சொன்னார்கள்.

"பயம் வந்தாத்தான் பாடுவாக" என்றாள் மனோரஞ்சிதம்.

அதைப் பின்னால் இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அமலோற்பவம் அழுத்திக்கொண்டே இருந்தாள். அவர் பாடினார். பாடிக்கொண்டே முன்னாலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், பார்வையை அதிலிருந்து எடுத்தார். அவர் முகத்து மஞ்சள் வெயில் சிவந்தது. சிவப்பு மங்கியது. நாற்சந்தியில் உச்சி வெயில் கொளுத்த, திரையில் அவருக்குப் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. யாரோ அமலோற்பவத்தின் தலைக்குக் குடை பிடித்தார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், அவள் குடிக்கவில்லை. நிறுத்தினால் அந்தக் கணத்திலேயே அவரை விட்டுவிட்டுப் போவதாகும் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் பாட்டை நிறுத்தினார். கழுத்தை நிமிர்த்தி நேரே பார்த்தார், கேமராவைப் பார்ப்பதுபோல இருந்தது, ஆனால் அவர் பார்த்தது அதையல்ல. கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்களுக்கு இறக்கினார். தலைக்கு மேலிருந்த மூடி பின்னால் நகர்ந்தது. துணித் தொப்பியின் வார் காற்றில் விறைத்து நின்றது. அமலோற்பவம் அழுத்தினாள்.

இருக்கை காலியாக இருந்தது.

மறுபடி அழுத்தினாள். காலி இருக்கை. மறுபடியும் அதுதான். அவரைக் கட்டியிருந்த வார்கள் இருக்கையின் இருபக்கமும் தொங்கின. அவளுக்கு முன்னால் கூட்டம் முழுவதும் தலையை அண்ணாந்து வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னாச்சு தாயி?" என்றாள் மனோரஞ்சிதம். "குதிச்சாகளா? விழுந்துட்டாகளா?"

"தெரியலம்மா."

"அந்த வாரைப் பெருசாக்கு. அவுகளாக் கழட்டுனதா, அறுந்துபோனதா?"

அமலோற்பவம் பெரிதாக்கினாள். வார் பெரிதானது, அதன் நுனி பெரிதானது, பெரிதாகப் பெரிதாக நுனி கலங்கிச் சாம்பல் நிறக் கட்டங்களாகச் சிதறியது. கொக்கியாக இருக்கலாம். கிழிந்த நாராகவும் இருக்கலாம். அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். இத்தனை வருடத் தொழிலில் ஒரு படத்திலிருந்து இவ்வளவு கெஞ்சி எதையும் கேட்டதில்லை.

"தெரியலம்மா" என்றாள் மறுபடி. அழுதுவிட்டாள்.

அப்போது சண்முகையா எழுந்துவந்து, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு திரைக்குமேல் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கழட்டினதுதான்" என்றார். "கொக்கி திறந்திருக்கு பாரு. பாராசூட் குடையோட குதிச்சிருக்கார் மனுஷன். எனக்கு நல்லாத் தெரியுது."

பஸ்ஸிலிருந்து இறங்கி முகம் கழுவும்போது சண்முகையா கழற்றிக் கொடுத்த தடித்த மூக்குக்கண்ணாடி மனோரஞ்சிதத்தின் மடியிலிருந்த பையின் வாய்வழியே அமலோற்பவத்துக்கும் தெரியும்படி நீட்டிக்கொண்டிருந்தது. மனோரஞ்சிதம் புருஷனின் வெறும் கண்களைப் பார்த்தாள். பிறகு பையை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ஆமா" என்றாள். "எனக்கும் தெரியுது."